'முடியாது' என்று சொல்லத் தெரிந்த பானுமதி



பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனிக்கலாம். பத்மினி என்றால் உடனே நாட்டியம் என்பார்கள். சாவித்திரி என்றால் அந்தக் கண்கள் என்பார்கள். பானுமதி என்றதும் மட்டும் ஒரு புன்சிரிப்பு வரும். "அந்த அம்மாவுக்குத் துணிச்சல் அதிகம்" என்பார்கள். "கொஞ்சம் திமிரும் உண்டு" என்று சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை அது. அவர்கள் பானுமதியை நேரில் பார்த்ததில்லை. பழகியதும் இல்லை. ஆனாலும் அவருடைய நடிப்பைச் சொல்வதற்கு முன்னால் குணத்தைச் சொல்கிறார்கள். ஏன்?

பானுமதி பிறந்து நூறு ஆண்டுகள் 2025ஆம் ஆண்டில் நிறைவு பெற்றன. நடிகை, பாடகி, இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், எழுத்தாளர், ஸ்டூடியோ உரிமையாளர் என்று அவருக்குப் பல முகங்கள். இவை அனைத்தையும் சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்று உண்டு. பிடிக்காத இடத்தில் 'முடியாது' என்று சொல்லும் உரிமையை அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல.

தந்தை போட்ட நிபந்தனை

ஆந்திர மாநிலத்தில், ஓங்கோல் வட்டாரத்தைச் சேர்ந்த தொட்டவரம் என்ற சிற்றூரில் 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி பானுமதி பிறந்தார். தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா இசையில் ஊறியவர். மகளுக்குக் கர்நாடக இசையை முதலில் கற்றுக் கொடுத்தவரும் அவரே. மகள் பெரிய பாடகியாக வேண்டும் என்பதுதான் அவர் கனவு. சினிமா அந்தக் கனவில் இல்லை.

ஆனால் சினிமா தேடி வந்தது. அது பாட்டுத் தெரிந்தவர்களுக்கே நடிக்க இடம் கிடைத்த காலம். இயக்குநர் சி.புல்லையாவின் 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படம் 1939ஆம் ஆண்டில் வெளிவந்தது. வரதட்சணைக் கொடுமையைச் சாடிய நாடகம் ஒன்றின் திரைவடிவம் அது. அதில் காளிந்தி என்ற பெண்ணாகப் பானுமதி நடித்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுதான்.

மகளை நடிக்க அனுப்பிய தந்தை ஒரு நிபந்தனையும் போட்டார். உடன் நடிப்பவர் யாரும் தம் மகளைக் கட்டிப்பிடித்து நடிக்கக்கூடாது என்பதே அது. ஆகவே பானுமதியின் திரைவாழ்வில் ஒலித்த முதல் 'முடியாது', அவருடையதல்ல, அவருடைய தந்தையுடையது. பின்னாளில் அதை மகள் தம்முடையதாக்கிக் கொண்டார். எந்தக் கதாநாயகனாக இருந்தாலும் எட்டி நின்றே காதல் காட்சிகளில் நடித்தார். அந்தக் காட்சிகளை இன்று பார்த்தாலும் காதலுக்குக் குறைவில்லை. கண்ணும் குரலும் செய்த வேலை அது.

தந்தையின் சொல்லைக் காத்த அதே மகள், திருமண விஷயத்தில் தம் மனத்தின் சொல்லைக் கேட்டார். 'கிருஷ்ண பிரேமா' படத்தில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ண ராவை அவர் விரும்பினார். வீட்டில் உடனே இசைவு கிடைக்கவில்லை. ஆனால் பானுமதி தம் முடிவில் நின்றார். 1943ஆம் ஆண்டு திருமணம் நடந்தது.

விலகியவரை அழைத்த படம்

திருமணத்துக்குப் பிறகு குடும்பமே போதும் என்று பானுமதி சினிமாவை விட்டு விலகினார். அந்த நேரத்தில்தான் இயக்குநர் பி.என்.ரெட்டி 'சுவர்க்க சீமா' படத்துக்காக அவரை அணுகினார். சித்தூர் வி.நாகையா நடித்த அந்தப் படம் 1945ஆம் ஆண்டில் வெளிவந்தது. தெருவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண் ஒருத்தி நாடக நடிகையாகிறாள். மணமான ஒருவரைத் தன் பக்கம் இழுக்கிறாள். அந்தப் பெண்தான் பானுமதி. குடும்பப் பெண்ணாக நடித்தால்தான் நல்ல பெயர் என்றிருந்த காலத்தில் இப்படியொரு வேடம்! அதில் புறாவை அழைத்து அவர் பாடிய பாட்டு தெலுங்கு நாட்டையே கவர்ந்தது. இந்த ஒரு படத்தோடு நிறுத்திவிடலாம் என்று வந்தவரை ரசிகர்கள் விடவில்லை.

இந்த இடத்தில் பானுமதியும் அவர் கணவரும் செய்த காரியம்தான் அவரது வாழ்க்கையின் திருப்புமுனை. அவர்கள் மகன் பரணியின் பெயரில் 'பரணி பிக்சர்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. கணவர் இயக்க, மனைவி நடிக்க, 'லைலா மஜ்னு' 1949ஆம் ஆண்டில் வந்தது. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் வரலாற்றைச் சொல்லும் 'விப்ரநாராயணா' 1954ஆம் ஆண்டில் வந்தது. இரண்டிலும் அவரோடு நடித்தவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ்.

மற்ற நடிகைகள் படப்பிடிப்பு முடிந்து ஸ்டூடியோவை விட்டு வீட்டுக்குப் போவார்கள். பானுமதிக்கோ ஸ்டூடியோவே சொந்தம். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

தமிழ்த் திரையில்

தமிழில் அவர் எம்.கே.தியாகராஜ பாகவதருடன் 1948ஆம் ஆண்டில் 'ராஜமுக்தி'யிலும், அடுத்த ஆண்டில் பி.யு.சின்னப்பாவுடன் 'ரத்னகுமார்' படத்திலும் நடித்தார். அதே 1949இல் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது. எம்.கே.ராதா இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படம் பானுமதியைத் தமிழ் ரசிகர்களின் வீட்டுப் பெயராக்கியது. அதன் இந்தி வடிவமான 'நிஷான்' படத்திலும் அவரே கதாநாயகி.

அதற்குப் பிறகு வந்தவற்றை நம்மில் பலர் மனப்பாடமாகவே சொல்வோம். நாமக்கல் கவிஞரின் கதையில் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954இல் வந்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். 1956ஆம் ஆண்டு பொங்கலுக்கு, முழுநீள வண்ணப் படமாக மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. அதே ஆண்டில் 'மதுரை வீரன்' படத்தில் பொம்மியாக நடித்தார். 1957இல் சிவாஜி கணேசனுடன் 'அம்பிகாபதி', 'மக்களைப் பெற்ற மகராசி' என்று வரிசை நீளும்.

இந்தப் படங்களில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1950களில் பின்னணிப் பாடகிகளின் காலம் பிறந்துவிட்டது. பி.லீலா, ஜிக்கி, பி.சுசீலா என்று தேன்குரல்கள் வந்துவிட்டன. கதாநாயகிகள் வாயசைத்தால் போதும் என்ற நிலை. அப்போதும் பானுமதி தம் பாட்டைத் தாமே பாடினார். திரையில் தெரிந்த முகமும் கேட்ட குரலும் ஒருவருடையதாகவே இருந்தன. சற்றே கனத்த, யாரோடும் ஒட்டாத குரல் அது. வானொலியில் பழைய பாடல் நிகழ்ச்சி கேட்பவர்கள் முதல் வரியிலேயே இது பானுமதி என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு இரவல் குரல் தேவைப்படவில்லை. ஆகவே அந்த வகையிலும் அவர் யாருக்கும் கடன்பட்டவராக இல்லை.

நடிப்பில் அவர் எவ்வளவு ஆழமானவர் என்பதற்கு 'ரங்கோன் ராதா' ஒன்று போதும். அறிஞர் அண்ணாவின் கதை, கலைஞர் மு.கருணாநிதியின் திரைக்கதை, வசனம். 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனைவியின் தங்கையை மணக்க ஆசைப்படும் கணவன், மனைவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறான். கணவனாக சிவாஜி, மனைவியாக பானுமதி. தனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒரு பெண் சொல்லச் சொல்ல, அதையே பைத்தியத்தின் அடையாளமாக ஊர் எடுத்துக்கொள்கிறது. பயம், கோபம், அவமானம் மூன்றும் அவர் முகத்தில் மாறி மாறி வந்து போகும். 'நடிப்புக்கு இலக்கணம்' என்று அறிஞர் அண்ணா அவருக்குச் சூட்டிய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

கைவிட்டுப் போன இரண்டு படங்கள்

நேயர்களே, இனி அந்த 'திமிர்' என்ற சொல்லுக்கு வருவோம்.

விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸம்மா' தெலுங்குப் படத்துக்கு முதலில் ஒப்பந்தமான கதாநாயகி பானுமதிதான். அவரை வைத்து நான்கு ரீல்கள் வரை படமாக்கியும் விட்டார்கள். ஒருநாள் அவர் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார். அன்று வரலட்சுமி விரதம்; வீட்டில் பூஜை. தாமதமாகும் என்று முன்கூட்டியே தகவல் அனுப்பியிருப்பதாக அவர் சொன்னார். தயாரிப்பாளர்களில் ஒருவரான சக்ரபாணி அதை ஏற்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தவறு செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்று பானுமதி மறுத்துவிட்டார். எடுத்த ரீல்கள் ஒதுக்கப்பட்டன. அதே படத்தில் இரண்டாவது வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரிக்குக் கதாநாயகி வேடம் கொடுக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டில் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' இரண்டும் வெளிவந்தன. சாவித்திரி எங்கேயோ போய்விட்டார்.

தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரங்கு போட்டுவிட்டு, விளக்குகளோடு எத்தனையோ தொழிலாளர்கள் காத்திருப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம். கண்டிப்பு இல்லாமல் படக்கம்பெனி நடத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வி. அதே இடத்தில் ஒரு கதாநாயகன் இப்படி நின்றிருந்தால் அவரை 'ரோஷக்காரர்' என்றிருப்பார்கள். பெண் நின்றபோது மட்டும் அது எப்படித் திமிர் ஆயிற்று?

இரண்டாவது, எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தயாரித்து, முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்'. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தில் மதனாவாக நடித்தவர் பானுமதி. எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்ப எடுப்பதில் அவருக்கு மனவருத்தம் ஏற்பட்டது என்பது திரையுலகினர் பலரும் சொல்லியிருக்கும் செய்தி. அவர் விலகிக்கொண்டார். கதையில் மதனா இறந்துவிடுவதாக மாற்றினார்கள். பிற்பகுதியின் கதாநாயகியாக பி.சரோஜாதேவி வந்தார். அந்தப் படத்தின் முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். பானுமதி கறுப்பு வெள்ளையோடு நின்றுவிட, வண்ணப் பகுதி ஒரு புதிய நட்சத்திரத்தைத் தந்தது.

'முடியாது' என்ற ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை இவை. இரண்டும் காலத்தால் அழியாத வெற்றிப் படங்கள். இரண்டிலும் அவருடைய இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. ஆனால் பானுமதி இடிந்து உட்காரவில்லை. தமக்குப் பதிலாக வந்தவர்கள்மீது வன்மம் பாராட்டவும் இல்லை. தாம் விலகியதால் திரையுலகுக்கு ஒரு நல்ல நடிகை கிடைத்தார் என்று சாவித்திரியைப் பற்றிப் பெருந்தன்மையோடு பேசியவர் அவர்.

எம்.ஜி.ஆருடனான கதையும் அங்கே முடியவில்லை. 1963ஆம் ஆண்டில் 'கலை அரசி', 'காஞ்சித் தலைவன்' ஆகிய படங்களில் இருவரும் மீண்டும் இணைந்து நடித்தார்கள். இன்னும் ஒன்று. 1980களில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு பானுமதிக்குக் கிடைத்தது. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியவர் என்பதற்காக அவரை யாரும் மறந்துவிடவில்லை. மறுத்தவர்மீதும் மதிப்பு வைக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

இயக்குநர் நாற்காலியில்

எந்தத் துணிவில் அவர் இப்படி இருந்தார்? பதில் 1953ஆம் ஆண்டில் இருக்கிறது.

அந்த ஆண்டில் 'சண்டிராணி' வெளிவந்தது. பானுமதியே இயக்கினார், அவரே இரட்டை வேடத்தில் நடித்தார். கதாநாயகன் என்.டி.ராமராவ். தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் எடுக்கப்பட்ட படம் அது. இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர்.சுப்பராமன் 1952ஆம் ஆண்டில் காலமாகிவிட, மிச்சப் பணியை எம்.எஸ்.விஸ்வநாதன் நிறைவு செய்தார்.

தென்னகத்தில் படம் இயக்கிய முதல் பெண் பானுமதி அல்லர். 1936ஆம் ஆண்டிலேயே டி.பி.ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். ஆனால் மூன்று மொழிகளில் வசனம் சொல்லிக் கொடுத்து, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்து, இரண்டு வேடங்களிலும் தாமே நடிப்பது எப்படிப்பட்ட உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள். அதைச் செய்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டவில்லை.

'மிஸ்ஸம்மா' கைவிட்டுப் போனது இதற்குப் பிறகு. ஆகவே சக்ரபாணியின் முன்னால் நின்றவர் வெறும் கதாநாயகி அல்லர். தாமே கம்பெனி நடத்துபவர், தாமே படம் எடுக்கத் தெரிந்தவர். அந்தக் கதவு மூடினால் திரும்பிப் போக அவருக்குச் சொந்தமாக ஒரு வாசல் இருந்தது. 'முடியாது' என்ற சொல்லுக்குப் பின்னால் பாட்டும், தொழிலறிவும், சொந்த நிறுவனமும் நின்றன.

வயது ஏறியபோது கதாநாயகி வேடங்கள் குறைந்தன. பல நடிகைகள் தளர்ந்துபோகும் கட்டம் அது. ஏவி.எம்.மின் 'அன்னை' 1962ஆம் ஆண்டில் வந்தபோது பானுமதிக்கு முப்பத்தேழு வயது. தங்கையின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்து, அது கைவிட்டுப் போய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கும் தாய். பெற்ற தாயாக சௌகார் ஜானகி. வளர்த்தவளின் பாசம் மெல்ல மெல்லப் பிடிவாதமாக மாறுவதைப் பானுமதி காட்டிய விதம், தாய் வேடம் என்றால் அழுவது மட்டும்தான் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது.

மத்திய அரசு 1966ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1975இல் 'இப்படியும் ஒரு பெண்' படத்தை இயக்கி, இசையும் அமைத்தார். 1982இல் சிறுவர்களையே நடிக்கவைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா'வை எடுத்தார். இடையில் எழுத்தும் தொடர்ந்தது. 'அத்தகாரி கதலு', அதாவது 'மாமியார் கதைகள்' என்ற அவருடைய நகைச்சுவைக் கதைகள் தெலுங்கு வாசகர்களிடம் தனி இடம் பெற்றன. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாடமியின் விருதும் அதற்குக் கிடைத்தது. கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர், வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்னக் கலகங்களை வைத்து ஊரையே சிரிக்கவைத்தார்!

கணவர் ராமகிருஷ்ணா 1986ஆம் ஆண்டில் மறைந்தார். அதன் பின்னும் பானுமதி முடங்கவில்லை. 1992ஆம் ஆண்டில் இளையராஜா இசையமைத்த 'செம்பருத்தி' படத்தில் பிரசாந்தின் பாட்டியாக நடித்தார். அதிலும் அவருடைய குரலில் பாட்டு உண்டு. பேத்தி வயதுப் பெண்கள் இரவல் குரலில் வாயசைத்த காலத்தில், அறுபத்தாறு வயதுப் பாட்டி சொந்தக் குரலில் பாடினார்.

2001ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வந்தது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தமது எண்பதாவது வயதில், சென்னையில் பானுமதி காலமானார். இந்தியத் திரையுலகின் நூற்றாண்டையொட்டி 2013ஆம் ஆண்டில் வெளியான அஞ்சல்தலை வரிசையில் அவருக்கும் இடம் கிடைத்தது.

நமக்கு என்ன?

இப்படி ஒரு வாழ்க்கையைக் கேட்கும்போது, "அவருக்கு ஸ்டூடியோ இருந்தது, பேசினார், நமக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரு பெண் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தை நம்பி இருப்பவர்களிடம் போய், பானுமதி மாதிரி வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று சொல்வது எளிது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கட்டுபவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஆனால் ஸ்டூடியோ ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் அவரிடம் இருந்தது பாட்டு ஒன்றுதான். அதை வைத்து நடிப்பு வந்தது. நடித்துக்கொண்டே படம் எடுக்கும் தொழிலைக் கற்றார். அதன் பிறகுதான் சொந்தக் கூரை. கையில் ஒரு தொழில் இருக்கும்போதே இன்னொன்றைக் கற்றுக்கொண்டே இருந்ததுதான் அவருடைய உண்மையான பலம்.

ஆகவே நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்புக்குப் போகிறேன், தையலோ கணக்கோ கணினியோ கற்கிறேன் என்றால், "இருக்கிற வேலை போதாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். என்றோ ஒருநாள், நியாயமில்லாத ஓர் இடத்தில் தலைநிமிர்ந்து 'முடியாது' என்று சொல்வதற்கான பலத்தை அவள் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த வார விடுமுறையில் 'அன்னை' படமோ, 'ரங்கோன் ராதா'வோ கிடைத்தால் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது "இந்த அம்மாவுக்குத் திமிர் அதிகம்" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்கு அந்த 'மிஸ்ஸம்மா' கதையையும், அதற்குமுன் வந்த 'சண்டிராணி' கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். அது திமிரா, தன்மானமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.